எது நிற்பது, எது சுழல்வது?

காவிரியில் தண்ணீர் வந்து வாய்க்கால்களில் முறை வைத்து விடுகின்ற நாட்களில், நெல் வயலைச் சேறாக்கும் உழவு பல ஊர்களில் இரவிலும் நடப்பதுண்டு. இரும்புக் கேஜ் வீல் பூட்டிய பழைய டிராக்டர் ஒன்று இருட்டில் நீரைக் கலக்கிக்கொண்டு வயலின் நீளத்தை ஓடிக் கடக்கும்போது, அதன் முன்விளக்குகள் வரப்பையும் வரப்பில் நிற்கும் ஆளையும் துலக்கமாகக் காட்டுகின்றன. வயலின் கோடிக்கு வந்ததும் ஓட்டுபவர் வேகத்தைத் தணித்துத் திரும்பத் தொடங்குகிறார். நன்றாகக் கண் தெரிய வேண்டிய அந்த நேரத்தில்தான் அதே விளக்குகள் மஞ்சளித்துச் சோர்ந்துபோகின்றன. இப்படி நாலைந்து இரவுகள் கழிந்த பின், ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒரு முனகலோடு நின்றுவிடுகிறது. பிறகு நான்கு பேர் சேர்ந்து தள்ளவோ, வேறொரு டிராக்டர் கட்டி இழுக்கவோ வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்சியில் ஒரு புதிர் இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் ஃபேன் பெல்ட்டால் இழுக்கப்படும் டைனமோவும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. மின்சாரத்தை உண்டாக்கும் யந்திரம் இடைவிடாமல் சுழலும்போதே பேட்டரி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? பட்டறைக்குக் கொண்டுபோனால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் டைனமோவைப் பிரித்துப் பார்த்து, அதில் பழுது ஒன்றுமில்லை என்றே சொல்லக்கூடும். சொல்லிவிட்டு, அதைக் கழற்றி ஆல்டர்னேட்டர் பூட்டிக்கொள்ளும்படி யோசனையும் கூறுவார். அவ்வாறே செய்தால் நோய் தீர்ந்துவிடுகிறது. புதிதாக வந்ததும் பழையதைப் போலவே கம்பிச்சுருளும் இரும்பும் காந்தமும் சேர்ந்த ஒரு பொருள்தான். அது செய்வதும் அதே வேலைதான். அப்படியிருக்க, ஒன்றால் ஆகாதது மற்றொன்றால் எப்படி ஆகிறது?

உதாரணத்துக்கு ஒரு டிராக்டரைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். 1960-ல் சென்னையில் மாஸி பெர்குசன் கம்பெனியின் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் தோன்றியது. அதன் 1035 என்னும் டிராக்டர், பிரிட்டனில் பெயர்பெற்ற மாஸி பெர்குசன் 35-இன் வழித்தோன்றல். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, எஞ்சினின் பக்கத்தில் உருளை வடிவான ஒரு டைனமோ, கம்பிகள் வந்து கூடுகின்ற ஒரு சிறு கறுப்புப் பெட்டி ஆகியவை அந்த வம்சத்துப் பழைய வண்டிகளில் காணக்கூடியவை. அந்தப் பெட்டியை நம் பட்டறைகளில் ‘கட்-அவுட்’ என்பார்கள். புதிரின் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பதற்கு முன், மின்சாரம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

1831-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனைகளில் ஒன்று, இன்றைக்கும் பள்ளி மாணவன் செய்து பார்க்கத்தக்க எளிமை உடையது. கம்பிச்சுருள் ஒன்றின் இரு முனைகளையும் நுட்பமான ஒரு மீட்டரோடு இணைத்து, ஒரு சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தால், மீட்டரின் முள் ஒரு பக்கம் துள்ளுகிறது. காந்தத்தை உள்ளேயே அசையாமல் வைத்திருந்தால், எவ்வளவு வலிமையான காந்தமானாலும் முள் மீண்டும் நடுவில் வந்து நின்றுவிடுகிறது. காந்தத்தை வெளியே இழுத்தாலோ முள் எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. இந்தச் சிறு சோதனை நமக்கு மூன்று உண்மைகளைச் சொல்லுகிறது. காந்தம் இருந்தால் மட்டும் போதாது, சுருளுக்கும் அதற்கும் இடையே சலனம் வேண்டும் என்பது முதலாவது. வரும்போது ஒரு திசையிலும் போகும்போது எதிர்த்திசையிலும் மின்சாரம் பாய்கிறது என்பது இரண்டாவது. சுருளை நிறுத்திக் காந்தத்தை அசைத்தாலும், காந்தத்தை நிறுத்திச் சுருளை அசைத்தாலும் பலன் ஒன்றே என்பது மூன்றாவது. இவ்வாறு மின்சாரம் தோன்றுவதை மின்காந்தத் தூண்டல் என்கிறோம். இனி வரப்போகும் கதை முழுவதும் அந்த மூன்றாவது உண்மையைச் சுற்றியே நடக்கிறது.

ஃபாரடேயின் சோதனைக்கு அடுத்த ஆண்டே, 1832-ல், பாரிஸ் நகரத்துக் கருவிக் கைவினைஞர் இப்போலித் பிக்ஸி, கைப்பிடியைச் சுற்றினால் ஒரு லாடக் காந்தம் சுழன்று, நிலையாக நிறுத்தப்பட்ட கம்பிச்சுருள்களின் எதிரே வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வந்துபோகும்படி ஒரு யந்திரத்தை அமைத்தார். மின்சாரம் வந்தது, ஆனால் துருவம் மாறும்தோறும் அதன் திசையும் மாறிக்கொண்டே வந்தது. தயிர் கடையும் மத்து ஒரு கயிறு இழுக்கும்போது இடமாகவும் மறு கயிறு இழுக்கும்போது வலமாகவும் சுழல்வதைப் போல, இப்படியும் அப்படியுமாக ஓடுகின்ற இதற்கு மாறுமின்னோட்டம் என்று பெயர். ஆற்று நீரைப் போல ஒரே திசையில் ஓடுவது நேர்மின்னோட்டம். சுழல்கின்ற யந்திரம் எதுவானாலும், டிராக்டரின் டைனமோ உட்பட, அதன் சுருளுக்குள் பிறப்பது மாறுமின்னோட்டமே. ஆனால் பேட்டரி அதை ஏற்காது. ஈயத் தகடுகளில் ஒரு திசைப் பிரவாகம் கட்டியதை எதிர்த்திசைப் பிரவாகம் உடனே இடித்துவிடுமாதலால், நாள் முழுதும் பாய்ச்சினாலும் எதுவும் சேராது.

பிக்ஸிக்கு வழி சொன்னவர் ஆம்பியர் என்னும் விஞ்ஞானி. மின்சாரம் திசை மாறுகின்ற அதே கணத்தில் இணைப்பையும் இடம் மாற்றிவிட்டால், வெளியே பார்ப்பவனுக்கு அது ஒரே திசையில் ஓடுவதாகிவிடும் என்பது அவர் கூறிய உபாயம். தறியில் நாடா ஒரு முறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். நாடா திரும்பும் ஒவ்வொரு தடவையும் நெசவாளி மிதிக்கட்டையை மிதித்து மேலிழையையும் கீழிழையையும் இடம் மாற்றுகிறார். மாற்றாவிட்டால், போன நூலை வந்த நூல் உருவிக் கலைத்துவிடும். மாற்றுவதனால்தான் நாடா முன்னும் பின்னும் ஓடினாலும் துணி ஒரே முகமாக வளர்கிறது. டைனமோவில் அந்த மிதிக்கட்டையின் வேலையைச் செய்வது திசைமாற்றி என்னும் உறுப்பு. செம்புத் துண்டுகளை அடுக்கி, இடையிடையே மைக்கா வைத்துப் பிரித்து, சுழலும் தண்டின் முனையில் வளையமாக அமைத்திருப்பார்கள். அதன்மீது கரித்தூரிகைகள் இரண்டு அழுந்தி உராய்ந்துகொண்டிருக்கும். பட்டறையில் ‘கார்பன் தேய்ந்துவிட்டது’ என்று சொல்வது இந்தத் தூரிகைகளைத்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிர்ப்பந்தம் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். திசைமாற்றி சுழல வேண்டுமானால், மின்சாரம் பிறக்கும் சுருளும் அதனோடு சேர்ந்து சுழல வேண்டும். ஆகவே டைனமோவில் காந்தம் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கிறது. சுருள் உள்ளே சுழல்கிறது. அந்தச் சுருளில் விளைகின்ற மின்சாரம் முழுவதும், ஒரு ஆம்பியர் மிச்சமின்றி, சுழல்கின்ற செம்பையும் உராய்கின்ற கரியையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். துண்டுக்குத் துண்டு இணைப்பு அறுந்து சேரும்போது பொறி பறக்கிறது, கரி தேய்கிறது, செம்பில் பள்ளம் விழுகிறது. வேகம் கூடக் கூட இவை யாவும் பெருகுவதோடு, கனத்த கம்பிச்சுருளே சுழற்சியின் வெளிநோக்கிய இழுப்பால் தன் பள்ளங்களிலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கிறது. எனவே டைனமோவைக் கண்டபடி வேகமாகச் சுழற்ற முடியாது. வயலில் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது டைனமோ எல்லை மீறாதபடி அதன் கப்பியின் அளவை அமைத்துவிட்டால், எஞ்சின் தணிந்து ஓடும்போது அது சோம்பிச் சுழல்வதைத் தவிர வேறு கதியில்லை.

இப்போது கறுப்புப் பெட்டியைத் திறக்கலாம். வாய்க்காலில் நீர் உயரமாக ஓடும்போது மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும்; வாய்க்கால் வற்றிய நேரத்தில் அதே மடை திறந்து கிடந்தால், வயலில் நின்ற தண்ணீரும் வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். ஆகவே மடையருகே ஒரு காவலாள் வேண்டும். டைனமோவின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை விட உயரும்போது இணைப்பைச் சேர்த்தும், தாழும்போது பிரித்தும் வைக்கின்ற ஒரு சிறு மின்காந்தமே அந்தக் காவலாள். ‘கட்-அவுட்’ என்ற பெயர் பெட்டி முழுவதற்கும் வந்தது அவனால்தான். வயல் கோடியில் வேகம் தணிந்தவுடன் காவலாள் தன் கடமையைச் செய்கிறான், மடை மூடுகிறது. அந்தக் கணம் முதல் விளக்குகள் பேட்டரியைத் தின்னத் தொடங்குகின்றன. பதினான்கு வோல்ட் அளவில் இருந்த அழுத்தம் பன்னிரண்டுக்கு இறங்குகிறது. ஏழில் ஒரு பங்கு குறைவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இழைவிளக்கின் ஒளி அழுத்தத்தைவிடப் பன்மடங்கு விரைவாகத் தாழ்வதால், வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. விளக்கு மஞ்சளித்ததன் காரணம் இதுவே.

பேட்டரி இறங்கிப்போவதற்குச் செல்ஃப் மோட்டாரே காரணம் என்று பலர் எண்ணுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பழி நிற்கவில்லை. செல்ஃப் மோட்டார் முந்நூறு ஆம்பியரை நான்கு விநாடிகளுக்கு உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து ஆம்பியர் வீதம் திருப்பி ஊட்டினால் அந்தக் கடன் இரண்டு மூன்று நிமிடங்களில் அடைந்துவிடும். உண்மையான செலவு மெல்லச் செல்லும் செலவு. நாற்பத்தைந்து வாட் விளக்குகள் இரண்டும் பின்விளக்கும் சேர்ந்தால் எட்டு, ஒன்பது ஆம்பியர். பழைய டிராக்டர் டைனமோக்களின் உச்ச வருமானமோ வகைக்கேற்ப 11 முதல் 22 ஆம்பியர் வரையில்தான், அதுவும் முழு வேகத்தில் மட்டுமே. வருமானம் நின்று செலவு மட்டும் நடக்கின்ற திருப்பங்களும், சும்மா நின்றபடி ஓடும் நேரங்களும் ஒரு இரவில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், காலையில் வண்டி முனகியதில் வியப்பில்லை.

டைனமோவைப் பற்றி இன்னொரு சூட்சுமத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் வெளிக்கூட்டில் இருப்பது நிலைக்காந்தம் இல்லை. இரும்பைச் சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடுவதால் உண்டாகும் மின்காந்தம். அந்த மின்சாரத்தையும் டைனமோவே தன் விளைச்சலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் பிறக்கக் காந்தம் வேண்டும், காந்தம் பிறக்க மின்சாரம் வேண்டும் என்றால், தொடக்கம் எங்கிருந்து வரும்? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி மிஞ்சியிருந்தால் இன்றைய பால் உறைந்துவிடுவதைப் போல, முன்பு காந்தமாயிருந்த இரும்பில் எஞ்சி நிற்கும் சிறிதளவு காந்தமே உறைமோராகிறது. அந்த எஞ்சுகாந்தம் சிறு மின்சாரத்தைத் தர, அது காந்தத்தை வளர்க்க, வளர்ந்த காந்தம் மேலும் மின்சாரத்தைத் தர, சில விநாடிகளில் யந்திரம் முழு வலிமை பெறுகிறது. 1866, 1867-ஆம் ஆண்டுகளில் வெர்னர் சீமென்ஸ் முதலிய சிலர் தனித்தனியே கண்டு பிரசித்தப்படுத்திய இந்தத் தத்துவமே டைனமோவை உலகுக்கு உரியதாக்கியது.

இனி ஆல்டர்னேட்டரைப் பார்ப்போம்; தமிழில் இதை மாறுமின்னாக்கி எனலாம். இதில் நிற்பதும் சுழல்வதும் இடம் மாறியிருக்கின்றன. காந்தம் உள்ளே சுழல்கிறது. மின்சாரம் விளையும் கனத்த சுருள் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கிறது. சுமை தாங்குகிறவன் நிற்க, ஏவுகிறவன் நடமாடுகிறான் என்று இதைச் சொல்லலாம். சுழலும் காந்தத்துக்கு ஊட்ட வேண்டிய மின்சாரம் மூன்று நான்கு ஆம்பியருக்கு மேற்படாது. அந்தச் சிறு தீனி மட்டுமே தூரிகைகளின் வழியே போகிறது. அந்தத் தூரிகைகள் உராய்வதும் துண்டுபட்ட திசைமாற்றியின் மீதன்று. வழவழப்பான முழு வளையங்கள் இரண்டின் மீது. இவற்றை நழுவு வளையங்கள் என்பார்கள். பொறி இல்லை; தேய்மானம் சொற்பம். முப்பத்தைந்து, நாற்பது ஆம்பியராக வெளியே வருகின்ற பெருவிளைச்சலோ, நிற்கின்ற சுருளிலிருந்து சாதாரணக் கம்பி வழியாகவே இறங்கிவிடுகிறது.

சுழலும் காந்தத்தின் அமைப்பும் அழகானது. ஒரே ஒரு கம்பிச்சுருளின் இரு பக்கத்திலும் நகங்கள் வளைந்த இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து, இரு கை விரல்களைக் கோத்ததைப் போல அந்த நகங்களை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்திருப்பார்கள். ஒரு தகட்டின் நகங்கள் யாவும் வடதுருவம், மற்றதன் நகங்கள் யாவும் தென்துருவம். பக்கத்துக்கு ஆறு நகங்கள் என்றால், ஒரு சுற்றுக்குள் காந்தம் ஆறு முறை போய் ஆறு முறை வருகிறது. இரு துருவமுள்ள பழைய டைனமோவிலோ ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான். கெட்டியான இந்த இரும்பு உருண்டை நிமிஷத்துக்குப் பன்னீராயிரம் சுற்றுகளையும் தாங்குமாகையால், சிறிய கப்பி பூட்டி அதை எஞ்சினைவிட இரண்டு, இரண்டரை மடங்கு வேகத்தில் தைரியமாக ஓட விடலாம். ஆகவே எஞ்சின் தணிந்து முணுமுணுக்கும்போதுகூட ஆல்டர்னேட்டருக்குப் போதிய வேகம் கிடைத்துவிடுகிறது. புதிரின் மறுபாதி இவ்வளவுதான்.

ஆனால் திசைமாற்றியை நீக்கிவிட்டோமே, நேர்மின்னோட்டம் எங்கிருந்து வரும் என்று வாசகர் கேட்பது நியாயம். கிணற்றில் பம்பு செட்டின் குழாய் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கிறது. அது நீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. ஆள் நின்று காவல் காக்க வேண்டிய தேவையும் அதற்கில்லை. மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட ஒருவழிக் கதவே டயோடு. ஒருவழி மின்வாயில் என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஆல்டர்னேட்டரின் பின்பக்க மூடிக்குள் இத்தகைய ஆறு கதவுகள் இருந்துகொண்டு, எந்தத் திசையில் மின்சாரம் வந்தாலும் அதைப் பேட்டரியின் பக்கமாகவே திருப்பி விடுகின்றன. மடையருகே நின்ற காவலாளுக்கும் இனி வேலையில்லை. பேட்டரியின் மின்சாரம் திரும்பிப் பாய முயன்றால் அதே கதவுகள் தடுத்துவிடுகின்றன.

கதவுகள் ஏன் ஆறு? வெளிக்கூட்டில் இருப்பவை மூன்று சுருள்கள். அவை ஓர் அலையில் மூன்றில் ஒரு பங்கு பிந்தியும் முந்தியும் அலை எழுப்பும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுருளுக்கும் போகும் வழிக்கு ஒன்றும் வரும் வழிக்கு ஒன்றுமாக இரண்டு கதவுகள். ஒரே உரலில் மூன்று பெண்கள் முறை வைத்து உலக்கை போடும்போது, ஒருத்தியின் உலக்கை எழுகையில் மற்றொருத்தியின் உலக்கை விழுவதால், இடிப்பு ஓயாமல் நடக்கிறதல்லவா? அதைப் போலவே ஒரு சுருளின் அலை தாழும்போது அடுத்த சுருளின் அலை உயர்ந்து, மொத்தத்தில் பிரவாகம் ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. இது கற்பனை அன்று. அலைகாட்டி என்னும் கருவியின் திரையில் ஆல்டர்னேட்டரின் விளைச்சலைப் பார்த்தால், மேட்டின்மேல் மேடாகச் சிறுசிறு அலைகள் நெருங்கி நிற்பது பிரத்தியட்சமாகத் தெரியும். ஒரு டயோடு பழுதானால், உலக்கைப் பாட்டில் ஒருத்தி முறை தவறியதைப் போல, அந்த வரிசையில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தைக் கொண்டே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தச் சிறு கதவுக்காக உலகம் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. செலினியம் பூசிய தகடுகளை அடுக்கி இதே வேலையை வாங்க முடிந்தது என்றாலும், அந்த அடுக்குகள் பருத்தவை; வெப்பத்தில் சோர்பவை. 1940-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்னும் விஞ்ஞானி, விரிசலுள்ள ஒரு சிலிக்கன் துண்டின்மேல் ஒளி விழும்போது மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டு ஆராய்ந்து, விரிசலின் இரு பக்கத்திலும் கலந்திருந்த மாசுகள் வெவ்வேறாக இருப்பதும், அவை சந்திக்கும் எல்லையே ஒருவழிக் கதவாக நடந்துகொள்வதும் புலப்படச் செய்தார். அந்த அறிவு தொழிற்சாலைக்கு வந்து, நகத்தளவு சிலிக்கன் பல ஆம்பியர்களைத் தாங்கும் நிலை 1950-களில் ஏற்பட்டது. 1960-ஆம் ஆண்டின் மாடலாகக் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வெளிவந்தது. பின்பு மற்ற வாகனங்களும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின.

ஆல்டர்னேட்டருக்கு இயல்பிலேயே அமைந்த ஒரு அடக்கமும் உண்டு. கனத்த தேக்கு ஊஞ்சலை மெல்ல ஆட்டினால் அது நெடுந்தூரம் போய்வரும். அதே வலிமையோடு வெகு விரைவாக முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தள்ளினால் அது அசைவதே அரிது. சுருளில் ஓடும் மாறுமின்னோட்டத்தின் குணமும் இத்தகையது. யந்திரம் வேகமாகச் சுழலும்போது அழுத்தம் கூடுகிறது; கூடவே திசைமாற்றத்தின் விரைவும் கூடுவதால், சுருளே அந்த ஓட்டத்துக்குத் தடையாகிறது. ஆகவே மின்னோட்டம் ஓர் அளவுக்கு மேல் தானாகவே ஏறுவதில்லை. டைனமோவுக்கு இந்த அடக்கம் இல்லாததால், அது தன்னையே எரித்துக்கொள்ளாமல் காக்கக் கறுப்புப் பெட்டிக்குள் மேலும் காவல் தேவைப்பட்டது. ஆல்டர்னேட்டருக்கு வேண்டியது, அழுத்தம் பதினான்கு வோல்ட்டுக்கு மேல் அதிகம் போகாதபடி காந்தத்தின் தீனியைக் கூட்டியும் குறைத்தும் வைக்கின்ற ஒரு சீராக்கி மட்டுமே. அதுவும் பெரும்பாலும் அதன் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மாற்றும் வேலைக்கு வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது முனைகளை. பிரிட்டிஷ் வழிவந்த பழைய டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையைச் சட்டத்தோடு சேர்த்து ‘எர்த்’ செய்திருப்பார்கள். டைனமோவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எஞ்சுகாந்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக அது வேலை செய்யும். டயோடு அப்படியன்று, அதன் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களோ எதிர்முனை எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. முனை மாற்றிப் பூட்டினால் பேட்டரியின் முழு வேகமும் அந்தக் கதவுகள் வழியே தடையின்றிப் பாய்ந்து அவற்றை நொடியில் பொசுக்கிவிடும். ஆகவே பேட்டரியைத் திருப்பி எதிர்முனையைச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். இரு முனைக் குமிழ்களும் பருமனில் வேறானவை என்பதால் கவ்விகளையும் மாற்ற நேரிடும். செல்ஃப் மோட்டார் தலைகீழாகச் சுழலுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய வகை மோட்டாரில் நிற்கும் சுருளிலும் சுழலும் சுருளிலும் ஓடுவது ஒரே மின்சாரமாதலால், இரண்டு காந்தங்களும் ஒருங்கே திசை மாற, தள்ளும் திசை மாறாமலே இருந்துவிடுகிறது. ஆம்பியர் மீட்டரின் இரு கம்பிகளை மட்டும் இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது வரவைச் செலவென்று காட்டும்.

பிறகு கறுப்புப் பெட்டியை விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கம்பி ஒன்றைப் புதிதாக இழுக்க வேண்டும். பழைய கம்பி பழைய வருமானத்துக்கு அளந்தது; முப்பத்தைந்து ஆம்பியருக்கு ஆறு சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வேண்டும். ஆம்பியர் மீட்டரும் அந்த அளவைத் தாங்குமா என்று பார்த்து, தாங்காதாயின் வோல்ட் மீட்டரைப் பொருத்திக்கொள்வது உத்தமம். கப்பிகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இன்னொரு கம்பி, சாவியிலிருந்து இரண்டு வாட் அளவான ஒரு சிறு எச்சரிக்கை விளக்கின் வழியாக ஆல்டர்னேட்டரின் சிறிய முனைக்குப் போக வேண்டும். இந்த விளக்கை அலங்காரமென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆல்டர்னேட்டரில் எஞ்சும் உறைமோர் போதாமையால், முதல் கரண்டியை இந்த விளக்கின் வழியே பேட்டரிதான் ஊற்றுகிறது. விளக்கு ஃபியூஸ் போனால் யந்திரம் உறங்கியே கிடக்கலாம். விளைச்சல் தொடங்கியதும் விளக்கின் இரு பக்கத்திலும் அழுத்தம் சமமாகி அது அணைந்துவிடும். வேலை சரிதானா என்பதை வோல்ட் மீட்டர் சொல்லிவிடும்: எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் அளவும், ஓடும்போது பதினான்கை ஒட்டியும் காட்டினால் எல்லாம் நலம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நியாயத்தின்பொருட்டு டைனமோவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது நோயுற்றால் பொறியாலும் ஓசையாலும் முன்கூட்டித் தெரிவிக்கும். கார்பனை மாற்றி, செம்பைக் கடைசலில் இழைத்து, மைக்காவைச் சுரண்டிவிட்டால், ஊர்ப் பட்டறையிலேயே பிழைத்து எழுந்துவிடும். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அறிவிப்பின்றிச் சாகின்றன. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றினாலோ, ஆல்டர்னேட்டரின் இணைப்பைப் பிரிக்காமல் கலப்பையில் வெல்டிங் வைத்தாலோ, எழுகின்ற மின்னதிர்ச்சி அவற்றைக் கொன்றுவிடக்கூடும். புதிய யந்திரத்தை ஏற்பவர் இந்தப் புதிய ஒழுக்கத்தையும் ஏற்றாக வேண்டும்.

பழைய நாளில் சைக்கிளின் சக்கரத்தில் உராய்ந்து விளக்கேற்றிய சிறு குப்பியை நாம் எல்லோரும் டைனமோ என்றே அழைத்துவந்தோம். அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் காந்தம் சுழலும், சுற்றிலும் கம்பிச்சுருள் நிற்கும், திசைமாற்றி கிடையாது. விளக்குக்குத் திசையைப் பற்றிக் கவலையில்லையாதலால் அது மாறுமின்னோட்டத்திலேயே எரிந்தது. அது பெயரளவில் டைனமோ, தத்துவத்தில் ஆல்டர்னேட்டர். பிக்ஸியின் முதல் யந்திரமும் அப்படியே: காந்தம் சுழன்றது, சுருள் நின்றது. தொடக்கத்தில் வாய்த்த அந்த அமைப்பை மனிதர் கைவிட்டு, சுமையைச் சுழற்றி, பொறியைப் பொறுத்துக்கொண்டு நூறாண்டுகளுக்கு மேல் போராடியதற்கு அறியாமை காரணமில்லை. ஒரு சிறு ஒருவழிக் கதவு கையில் இல்லாததே காரணம். கதவு கிடைத்ததும் சுருள் தன் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது. இரவு உழவில் வயல் கோடிக்கு வந்து திரும்புகிற டிராக்டரின் வெளிச்சத்தில், வரப்பில் நிற்கும் ஆள் இப்போது தெளிவாகத் தெரிகிறார்.